இருநூற்றுப் பதினான்கு ஏனுங்க

கடைக்காரர் ஸ்டீபன் சாப்பிடப் போய்விட்டார். போவதற்கு முன் இரண்டு பெட்டிகளையும் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஹெட்போனை என் தலையில் அவரே கவிழ்த்து, "ரெண்டுலயும் பேசிப் பாருங்கண்ணா, இருபது நிமிசத்துல வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். காந்திபுரத்தில் மாடிக் கடை. கீழே பஸ்கள் உறுமுவது ஹெட்போனுக்குள் எங்கோ அடுத்த ஊரில் நடக்கிற மாதிரி கேட்கிறது. இடது பக்கம் கறுப்புப் பெட்டி, சோப்பு டப்பா அளவு, ஒரே ஒரு திருகு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. வலது பக்கத்துப் பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு எரிகிறது, திருகு மட்டும் ஒன்பது, பொத்தான்களை நான் எண்ணவில்லை. "இது உள்ளத உள்ளபடி எடுக்கும், அது நாம சொல்றபடி கேக்கும்" என்றார் ஸ்டீபன். கறுப்புப் பெட்டி மைக்கோடு சேர்த்து மூவாயிரத்து இருநூறு. கலர்ப் பெட்டி மைக்கோடு ஆயிரத்து எண்ணூறு. என் சட்டைப் பையில் மூவாயிரத்து ஐந்நூறு இருக்கிறது. இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், கையில் இவ்வளவுதான் என்று சொல்லிக் கலர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். மகன் பெங்களூரில் புதிது வாங்கியதும் எங்களிடம் தள்ளிவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர், அதற்கு ஒரு மைக், மைக்கை மாட்ட ஒரு சவுண்டு கார்டு, இதற்கா இத்தனை யோசனை என்று யாராவது கேட்கலாம். ஆமாம், இதற்குத்தான். இதில் எதை வாங்கிக்கொண்டு போகிறேனோ, அதை வைத்துத்தான் நாகரத்தினம் இனிமேல் பேசுவாளா, பேசவே மாட்டாளா என்பது தெரியப் போகிறது.

நாகரத்தினம் என் மனைவி. எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். தெருவில் குட்டியானை வண்டி நுழையும்போது மேலே கட்டியிருக்கிற ஒலிபெருக்கியில் "சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், வாங்கம்மா வாங்க" என்று ஒரு பெண்குரல் கூப்பிடுமே, எங்கள் பக்கம் சுற்றுகிற வண்டிகளில் முக்கால்வாசி அவள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெள்ளியங்கிரி எங்கள் வாசலில் வெங்காய வண்டியை நிறுத்தித் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். இவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய், "ஏனுங்ணா, இப்பிடிக் கத்துனா நாளைக்குப் பேச்சே வராது. உங்க போனக் குடுங்க, நான் சொல்லித் தாரேன்" என்று வாங்கிப் பேசிக் கொடுத்தாள். வெள்ளியங்கிரி போய் அண்ணாச்சிப்பழக்காரரிடம் சொல்ல, அவர் உப்பு விற்கிறவரிடம் சொல்ல, பழைய இரும்பு, பாய், கோலமாவு என்று எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். பஞ்சு மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஓட்டி ஓட்டிக் காது பாதி அவிந்துபோன நான், அந்தப் பாதிக் காதை வைத்துக்கொண்டு ஒலிப்பதிவு இன்ஜினீயர் ஆனேன். சிரிக்காதே என்று அவளிடம் சொல்வேன், அவள் சிரிப்பாள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓய்ந்ததற்கும் பதினொன்றேகால் பஸ் வருவதற்கும் நடுவில்தான் எங்களுக்கு நேரம். ஃபேனை நிறுத்துவோம், ஃபிரிட்ஜை நிறுத்துவோம், இரண்டு நாற்காலி முதுகில் ஜமுக்காளத்தைப் போட்டு அதற்குள் ரெண்டு பேரும் தலையை நுழைத்துக்கொள்வோம். வாயில் ஒரு கற்கண்டை ஒதுக்கிக்கொள்வாள். "சிரிச்சுட்டே சொன்னாத்தான் பொம்பளைங்க படியெறங்கி வருவாங்க" என்பாள், அதனால் உருளைக்கிழங்கைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். மூக்கு நுனியில் வேர்வை நிற்கும். முடித்துவிட்டு நான் ஃபிரிட்ஜைப் போட மறந்துவிடுவேன், சாயங்காலம் பால் திரிந்துவிடும், "உங்க இன்ஜினீயர் வேலையில என்ற பாலு போச்சு" என்று ஒரு பாட்டம் திட்டு விழும். அந்தத் திட்டுக்காகவே இரண்டு தடவை வேண்டுமென்று மறந்திருக்கிறேன்.

ஹெட்போனில் புஸ் புஸ்ஸென்று ஏதோ கேட்கிறது. என் மூச்சுதான். கறுப்புப் பெட்டி மூச்சைக்கூடத் தப்பவிடாது போலிருக்கிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் பார்க்கிறேன். திரையில் பச்சைக் கோடு எழும்பி அடங்குகிறது. சொன்னதைத் திரும்பப் போட்டால் யாரோ ஒரு கிழவன் பேசுகிறான். நானா அது, எனக்கு இத்தனை வயதாகிவிட்டதா, ரத்தினத்துக்கு இந்தக் குரலா தினமும் கேட்கிறது, பாவம். என் குரலையே இப்படி உரித்துக் காட்டுகிற பெட்டி அவள் குரலை என்ன செய்யும். அவளுக்குக் கழுத்தில் கட்டி என்று போன கார்த்திகையில் ஆபரேஷன் ஆனது. கட்டி கெட்ட கட்டி இல்லை, அதுவே பெரிய விஷயம், அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதது அவளுக்கு இன்னும் தெரியாது. குரல் நரம்பு சோர்ந்திருக்கிறது, ஆறு மாசத்தில் வரும், முழுசாகவும் வரலாம், கொஞ்சமாகவும் வரலாம், பேசுவதால் கெடுதல் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இப்போது ஒன்பதாம் மாசம். கொஞ்சமாகத்தான் வந்தது. கரகரவென்று, பாதி காற்றும் பாதி குரலுமாக. மூன்றாம் மாசத்தில் அவளே ஜமுக்காளத்தைப் போட்டாள், கற்கண்டை ஒதுக்கிக்கொண்டாள், சிரித்துக்கொண்டே "சின்ன வெங்காயம்" என்றாள். இயர்போனை வாங்கிக் கேட்டாள். இயர்போனைக் கழற்றிச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஒன்பது வருஷத்தில் அவளே ஃபிரிட்ஜைப் போட்டது அன்றைக்குத்தான். என்னால் தாங்க முடியவில்லை. "மைக்குல கோளாறு புள்ள, ஈரம் ஏறிருச்சு, உன்ற கொரலு நல்லாத்தான் இருக்குது" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து நகவெட்டியால் மைக் வயரை நறுக்கினேன். பொய் பொய்யாக நிற்கக்கூடாது, கொஞ்சமாவது நிஜமாக இருக்கட்டும் என்றுதான். அந்த மைக்கைத்தான் இன்றைக்கு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தேன். ஸ்டீபன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மைக்கு நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா, வயரத்தான் ஏதோ கடிச்சிருக்குது, எலிங்களா?" என்றார். "எலிதான்" என்றேன்.

அதற்கப்புறம்தான் கரண்டி ஆரம்பித்தது. சமையலறை நிலையில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் சோறு ரெடி. இரண்டு தட்டினால் போன். மூன்று தட்டினால் உடனே வா. காது மந்தமான மனிதனுக்கு இதுதான் வசதி என்று அவள் சைகையில் சொன்னாள், நானும் தலையாட்டினேன், மில் சங்குக்கு ஓடின காலம் திரும்பிவிட்டது என்று கேலிகூடச் செய்தேன். அவள் சிரித்தாள், சத்தமில்லாமல். ஆனால் எனக்குக் கரண்டி வேண்டாம். எனக்கு ஏனுங்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான். சீக்கிரம் சொன்னால் கோபம், இழுத்துச் சொன்னால் ஏதோ வாங்கப் போகிறாள், மெதுவாகச் சொன்னால் உடம்புக்கு முடியவில்லை. ஒலிப்பதிவு செய்யும்போதும் ஒவ்வொரு தடவையும் முதலில் "ஏனுங்க, ஆரம்பிக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். நான் விரலைத் தூக்குவேன். அப்புறம் அந்த ஏனுங்கவை நறுக்கி எடுத்துவிட்டு வெங்காயத்தை மட்டும் வெள்ளியங்கிரிக்குக் கொடுப்பேன். நறுக்கியதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன். கரண்டி வந்த பிறகு ஒருநாள் அதைத் திறந்து எண்ணினேன், இருநூற்றுப் பதினான்கு இருந்தன. மழைநாள் ஏனுங்க, ஜலதோஷ ஏனுங்க, கற்கண்டு பல்லில் இடறுகிற ஏனுங்க, சண்டை போட்ட மறுநாள் முறைத்துக்கொண்டு கேட்ட ஏனுங்க. தினமும் காலையில் அவள் சமையலறையில் இருக்கும்போது காதில் இயர்போனைச் செருகி நாலைந்து கேட்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பெண்டாட்டி பக்கத்து அறையில் தேங்காய் துருவுகிறாள், நான் இங்கே அவளையே திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வண்டிக்காரர்களையும் நான் விட்டுவிடவில்லை. அவர்கள் இவளை விட்டுவிடக் கூடாது என்று பயம். பழைய பதிவுகளிலிருந்து வார்த்தைகளை எடுத்து ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். விலை மாறினால் ஒரு வருஷத்து நாற்பதோடு இன்னொரு வருஷத்து ரூபாயை ஒட்டுவேன். வெள்ளியங்கிரி போன மாசம் பூண்டு போட ஆரம்பித்தார். பூண்டு என்று ரத்தினம் ஒருநாளும் பேசினதில்லை. பூசணிக்காயிலிருந்து பூவை எடுத்து, ரெண்டு கிலோவிலிருந்து ண்டுவை எடுத்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒட்டினேன். நடுவில் ஒரு விக்கல் விழுந்தது. தெருச் சத்தத்தில் யாருக்குத் தெரியப் போகிறது என்று கொடுத்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு மட்டும் வண்டியை விடாதீங்க, வீட்டில் தலைவலி என்று வெள்ளியங்கிரியிடம் சொல்லியிருந்தேன், சரியென்றுதான் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இன்று காலை வரைக்கும். காபி டம்ளரை வைத்துவிட்டு, கரண்டியில்லாமல், வாயைத் திறந்து அந்தக் கரகரப்பில், "இன்னிக்கு மைக்கு வாங்கீட்டு வாங்க" என்றாள். ஐந்து மாசமாக நாளைக்கு, அடுத்த வாரம், ஸ்டாக் இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தவன், மேலே என்ன பொய் சொல்வதென்று தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது கலர்ப் பெட்டி. ஸ்டீபன் எந்தத் திருகு எதற்கு என்று காட்டிவிட்டுத்தான் போனார். இதைத் திருகினால் கனம் குறையும், இதைத் திருகினால் கரகரப்பு போகும், இதை அழுத்தினால் எதிரொலி, அதை அழுத்தினால் குழந்தைக் குரல். பெரிய விஷயம் என்னவென்றால், பேசப் பேச மாற்றிவிடும். பேசுகிறவர்கள் காதிலேயே மாற்றின குரல்தான் விழும். அதாவது ரத்தினம் ஜமுக்காளத்துக்குள் "சின்ன வெங்காயம்" என்பாள், அவள் காதில் பழைய சின்ன வெங்காயம் கேட்கும், மைக்கில்தான் கோளாறு இருந்திருக்கிறது, மனுஷன் சொன்னது சரிதான் என்று அவள் முகம் மலரும். நான் திருகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதானே. திருகிப் பேசிப் பார்க்கிறேன். கிழவன் போய்விட்டான், மாப்பிள்ளை மாதிரி ஒருவன் பேசுகிறான். நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் தகர வாடை அடிக்கிறது, அவள் கவனிப்பாளா, கவனிப்பாள், ரவையில் ஒரு கல் கிடந்தாலும் கண்டுபிடிக்கிறவள். சரி, கவனித்தால் என்ன, புது மைக்கு அப்படித்தான் என்றால் போகிறது. அப்புறம்? பெட்டியைக் கழற்றின பிறகு? சமையலறைக்குப் போய் வாயைத் திறந்தால் கரகரப்பு அங்கேயேதானே நிற்கும். மைக்குக்கு முன்னால் ஒரு ரத்தினம், அடுப்புக்கு முன்னால் ஒரு ரத்தினம், ஒருத்திக்குக் கற்கண்டு, இன்னொருத்திக்குக் கரண்டி. வேண்டாம், கறுப்புப் பெட்டியையே வாங்கிவிடலாம். வாங்கினால் இயர்போனைச் சுருட்டி மேசையில் வைப்பாள், உள்ளே போவாள், இந்தத் தடவை ஈரமுமில்லை எலியுமில்லை, நான் என்ன சொல்வேன். அப்புறம் சாகும்வரைக்கும் கரண்டிதான். கலர்ப் பெட்டி மைக்கை விட்டு மறுபடியும் கறுப்புப் பெட்டி மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறேன். திரையில் பதிவுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பச்சைக் கோடு படுத்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது.

போன் மேசைமேல் துடிக்கிறது. வீடு. ரத்தினம் மிஸ்டு கால்தான் கொடுப்பாள், இரண்டு மணி அடித்து நிறுத்திவிடுவாள், நான் கூப்பிட்டு நானே பேசி நானே வைப்பேன். இது நிற்கவில்லை. ஹெட்போனைக் கழற்றத் தோன்றவில்லை, ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு முன்னால் வைத்தேன். "வாங்கியாச்சுங்களா?" என்றாள். அந்தக் குரல் கறுப்புப் பெட்டிக்குள் போய் என் இரண்டு காதிலும் வந்து விழுந்தது. இவ்வளவு பக்கத்தில் அதை நான் கேட்டதே இல்லை. கேட்கக் கூடாதென்று ஒன்பது மாசமாக ஒதுங்கியல்லவா நின்றேன். "இன்னும் இல்ல புள்ள, ரெண்டு இருக்குது, ஒண்ணு கொஞ்சம் வெல கம்மி, அதுல வந்து..." என்று இழுத்தேன். "கொரல மாத்தற பொட்டியா?" என்றாள். அவள் பார்த்துவிடுவாள் என்பது போலக் கலர்ப் பெட்டியைக் கையால் மறைத்தேன். "அதையும் பாத்துட்டுத்தான் இருப்பீங்கன்னு தெரியும். பூசணிக்காயில பூண்டு பண்ணுன ஆளுதான நீங்க. வெள்ளியங்கிரியண்ணன் வண்டி மாரியம்மன் கோயில்கிட்ட நின்னுட்டிருந்துச்சு, கேட்டேன். எனக்கே விக்கல் வந்துருச்சு." சிரிக்கிறாள். கரகரவென்று சிரிப்பு வருகிறது, சத்தத்தோடு. நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ உளறினேன். வயர்கூட நான்தான் வெட்டினேன் என்றேன். "நகவெட்டிய வயரு மேலயே வச்சுட்டுப் போனா எனக்குத் தெரியாதா?" என்றாள். "அது போகட்டும். நான் சொல்ல வந்தது வேற. தெனமும் காத்தால நீங்க காதுல வயரச் செருகிட்டு உக்காருவீங்களே, பின்னால கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் பாடுதுங்க. வயரு போட்டா அது நின்னுரும்னு நெனச்சுட்டிருக்கீங்க, உங்க காதுக்குத் தெரியல. மொத நாளு நானே திரும்பிப் பாத்தேன், ஆரு என்ற ஊட்டுக்காரரக் கூப்புடறதுன்னு."

உடம்பெல்லாம் கூசியது. இத்தனை மாசமாக, தினமும் காலையில், தேங்காய் துருவிக்கொண்டே அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒளித்து வைத்த எல்லாவற்றையும் நானே வீடு முழுக்க ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறேன். "கரண்டி எதுக்குத் தட்டுனேன்னு நெனைக்கறீங்க?" என்றாள். "நான் பேசுனா உங்க மூஞ்சி சுண்டிப் போகுதுங்க. ஒவ்வொருக்காவும். அதப் பாக்கறதுக்குப் பேசாமயே இருந்தரலாம்னு இருந்தேன். எனக்கு இந்தக் கொரலு பழகிருச்சு. பழைய கொரலு உங்களுக்குத்தான் வேணும். உசுரோட ஒருத்தி இங்க கூப்புடறதுக்கு இருக்கறப்ப, பொட்டிக்குள்ள இருக்கறவளப் போயி எதுக்குங்க கேட்டுட்டு உக்காந்திருக்கோணும்?" மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளா, நானா, தெரியவில்லை, பெட்டி இரண்டையும்தான் எடுத்துக்கொண்டிருந்தது. அவளுக்காக என்று நினைத்து நான் செய்ததெல்லாம் எனக்காகத்தான் என்பது அந்த மாடிக் கடையில், ஐம்பத்தெட்டு வயதில், தலையில் ஹெட்போனோடு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, அவள் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனை நாளாயிற்று. "பேசு புள்ள" என்றேன். "இதுலயே பேசு. உள்ளத உள்ளபடி எடுக்கறது. ஓடிட்டிருக்குது." அந்தப் பக்கம் டப்பாவைத் திறந்து மூடுகிற சத்தம். கற்கண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏனுங்க, ஆரம்பிக்கட்டுங்களா?" அவள் கண்ணில் படாது என்று தெரிந்தும் விரலைத் தூக்கினேன். "சரி" என்று வாயாலும் சொன்னேன். "மலப்பூண்டு, மலப்பூண்டு, வாங்கம்மா வாங்க" என்றாள் ரத்தினம், விக்கலில்லாமல், கரகரவென்று, சிரித்துக்கொண்டே.

ஸ்டீபன் ஈரக்கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு படியேறி வந்தார். நான் கறுப்புப் பெட்டியைக் காட்டினேன். என் கண்ணை ஒருதரம் பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியை எடுத்து மைக்கை உள்ளே அடுக்கினார். திரையைப் பார்த்துவிட்டு, "டெஸ்ட்டு பண்ணுனத அழிச்சரட்டுங்களாண்ணா?" என்றார். வேண்டாம், நறுக்காமல் அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள் என்றேன். "பேரு என்னன்னு போடறது?"

"இருநூத்திப் பதினஞ்சு" என்றேன்.